அரை மாத்திரை

அரை மாத்திரை என்று டாக்டர் சொன்னபோது மங்கையர்க்கரசிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். உறையூரில் ஒரு பெண்கள் பள்ளியில் பாதி ஆயுளைத் தமிழம்மாவாகக் கழித்தவள் அவள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், தூக்கம் என்று ஒன்று வந்தால். அப்படிப்பட்டவளிடம் மீசை இன்னும் சரியாகக் கனக்காத ஒரு டாக்டர் காலையில் அரை மாத்திரை, இரவு சாப்பிட்டதும் அரை மாத்திரை என்று பாடம் நடத்தினால் சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் வரவில்லை. சிரிப்பு வர வேண்டிய இடத்தில் ஓர் அலுப்பு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. இப்போது தில்லைநகரில் அந்த ஆஸ்பத்திரிக்குக் கீழேயே இருக்கிற மருந்துக்கடை வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். புரட்டாசி வெயில் பாதத்தில் விழுகிறது. காலை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றுகிறது, அதையும் யாராவது வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிற மாதிரி அப்படியே இருக்கிறாள். கடைக்காரர் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார். பழைய மாத்திரை முன்னாலேயே அடுக்கில் இருந்தது, எடுத்துப் போட்டுவிட்டார். புதியதைப் பூட்டி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது, சாவிச் சத்தம் கேட்கிறது. நகையைப் பூட்டி வைப்பார்கள், விஷத்தையும் பூட்டி வைப்பார்கள், இதை எதில் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஒன்று போதாதா என்று டாக்டரைக் கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அவர் பெயர் இம்தியாஸ், நல்ல பிள்ளை, பேச்சுக்குப் பேச்சு டீச்சர் டீச்சர் என்பார், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்பதற்கு முன்னாலேயே அவர் விளக்க ஆரம்பித்துவிட்டார். பழைய மாத்திரை மெதுவாக வேலை செய்கிற சாதி, அது துக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறது, அழுகை நின்றிருக்கிறது, நல்ல அடையாளம். பயம்தான் அடங்கவில்லை. சிலருக்கு அப்படித்தான், இரண்டும் கூட்டாளிகள், ஒன்று கிளம்பினாலும் மற்றது கிளம்ப நேரம் பிடிக்கும். முதல் மாத்திரை முழுசாகப் பிடிக்கிற வரைக்கும் இந்தச் சின்னது துணைக்கு இருக்கட்டும், அப்புறம் நானே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திவிடுவேன், நீங்களாக நிறுத்தவும் கூடாது, நீங்களாகக் கூட்டவும் கூடாது, முதல் சில நாள் மந்தமாக இருக்கலாம், ஸ்கூட்டி ஓட்ட வேண்டாம். எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் அவள் கண் அவர் தலைக்கு மேலே இருந்த பலகையில் இருந்தது. மனச்சோர்வு, பதட்டம், தூக்கமின்மைக்கு சிறந்த சிகிச்சை. தூக்கமின்மைக்குப் பக்கத்தில் 'ச்' என்கிற ஒற்றெழுத்தை விழுங்கியிருந்தார்கள், அது போகட்டும், ஊரே விழுங்குகிறது. ஆனால் பதட்டம். பதறு என்பதிலிருந்து வருவது பதற்றம். பதட்டம் என்று ஒரு சொல்லே கிடையாது என்று எத்தனை பேர் நோட்டில் சிவப்பு மையால் எழுதியிருப்பாள். இல்லாத சொல் ஒன்று ஒருத்தியின் நெஞ்சில் ஏறி மிதிக்குமா. டாக்டர் நிறுத்தி, ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். ஒன்று போதாதா என்று கேட்க வாயைத் திறந்தவள், "அது பதற்றம், டாக்டர்," என்றாள். அவருக்கு முதலில் புரியவில்லை. திரும்பிப் பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மாத்திடறேன் டீச்சர். பாத்தீங்களா, உங்களுக்குள்ள டீச்சர் முழிச்சுட்டுத்தான் இருக்காங்க." அந்த டீச்சர் தூங்கினால் தேவலை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கடைக்காரர் வந்தார். சீட்டின் முதுகில் ரப்பர் முத்திரையை ஓங்கிக் குத்தினார். தூக்கம் வரலையாக்கா, என்று கேட்டார், நல்ல மனசோடுதான் கேட்டார், ஆனால் ஊருக்கே கேட்கிற குரலில். பக்கத்தில் இருமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறாளா, யாராவது பிள்ளையின் அப்பாவா, கையெழுத்துப் போட ரிப்போர்ட் கார்டுடன் வந்து நின்ற முகமா. நாளைக்கு அந்த வீட்டில், உங்க தமிழம்மா தூக்க மாத்திரை வாங்கறாங்கடி என்று சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் பேச்சு வருமா. வந்தால் வரட்டும் என்று இருக்க முடிகிறவர்களுக்கு இந்த மாத்திரையே வேண்டாம். அவள் தலையை ஆட்டிவிட்டு உறையை வாங்கிப் பையின் அடியில், குடைக்குக் கீழே திணித்தாள். நாற்காலியிலிருந்து எழுந்தபோதுதான் வெயில் பட்ட பாதம் தனியாகச் சுட்டது தெரிந்தது. சத்திரம் பஸ் நிலையம் வழியாகத் திருவானைக்காவல் போகிற பஸ் கூட்டமில்லாமல் வந்தது, அதில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தாள்.

நாளைக்குப் பள்ளிக்கூடம். விடுப்பு இன்றோடு முடிகிறது. அதை நினைத்ததுமே விலா எலும்புக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்று புடவையைச் சரிசெய்துகொண்டது. நாளைக்கு முதல் வகுப்பே எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு. அதே பிள்ளைகள். இலக்கணம் என்றாலே எட்டாம் வகுப்புக்குக் கொட்டாவி வரும், அதனால் மாத்திரை நடத்துகிற அன்றைக்கு மட்டும் அவள் ஒரு வித்தை வைத்திருந்தாள். ஒரு மாத்திரை என்பது கண் இமைக்கிற நேரம், இல்லாவிட்டால் கை நொடிக்கிற நேரம். சரி, அந்தக் கை நொடிக்குள்ளேயே நாலு படி இருக்கிறது. நொடிக்கலாம் என்று நினைப்பது கால் மாத்திரை. கட்டைவிரலையும் நடுவிரலையும் ஒன்றோடொன்று ஊன்றுவது அரை. முறுக்குவது முக்கால். விடுவது ஒன்று. எல்லாரையும் கையைத் தூக்கச் சொல்லுவாள். நினைங்க என்றால் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்ளும், சிரிக்கும். ஊன்றுங்க என்றால் அத்தனை சின்ன விரலும் ஜோடி சேர்ந்து நிற்கும், அப்போது மட்டும் வகுப்பில் ஒரு அமைதி வரும். அந்த அமைதி அவளுக்கு ரொம்பப் பிடிக்கும், அதற்காகவே வருஷம் முழுக்கக் காத்திருப்பாள் என்றுகூடச் சொல்லலாம். அப்புறம் முறுக்குங்க, விடுங்க. மழை தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வகுப்புக் கணக்கு டீச்சர் எட்டிப் பார்ப்பாள். கடைசியாக வகுப்பெடுத்த அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தாள். நினைங்க என்றாள். ஊன்றுங்க என்றாள். அமைதி வந்தது. அந்த அமைதிக்குள் அவள் நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவ்வளவுதான் நடந்தது, வேறொன்றும் இல்லை. ஆனால் கேட்க ஆரம்பித்த பிறகு அது நிற்கவில்லை, காதுக்கு வந்தது, தொண்டைக்கு வந்தது, கரும்பலகை பக்கத்தில் வந்தது, விரல் நுனி மரத்தது, செத்துப்போகப் போகிறோம், இந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் விழப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தது. சாக்பீஸை மேஜையில் வைத்தாளா கீழே போட்டாளா தெரியாது. வெளியே நடந்தாள். வாசலைத் தாண்டும்போது கடைசியாகக் கண்ணில் பட்டது முதல் பெஞ்சுப் பர்வீன். கையைத் தூக்கிக்கொண்டு, விரலை ஊன்றிக்கொண்டு, அடுத்து என்ன சொல்லப் போகிறாள் என்று தமிழம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகே உட்கார்ந்திருந்தவளைப் பியூன் அஞ்சலை பார்த்துத் தலைமையாசிரியையிடம் சொன்னதும், ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பியதும், மறுநாளிலிருந்து விடுப்பு எடுத்ததும் எல்லாம் பின்னால் நடந்தவை. தலைமையாசிரியை போனில் பேசும்போது, உங்க பிள்ளைங்க மணி அடிக்கிற வரைக்கும் சத்தமே போடலை மேடம், என்று பெருமையாகத்தான் சொன்னார். அது இவளைக் குத்தியது மாதிரி வேறெதுவும் குத்தவில்லை. கத்தியிருக்கலாம், ஓடி விளையாடியிருக்கலாம். சத்தம் போடாமல் இருந்தார்கள் என்றால் விரலை எடுத்தார்களா இல்லையா. அசட்டுக் கேள்வி, தெரியும். பிள்ளைகள் அடுத்த நிமிஷமே கையை இறக்கியிருப்பார்கள், டிபன் டப்பாவைத் திறந்திருப்பார்கள். ஆனாலும் விடியற்காலையில் விழிப்பு வந்து புரளும்போதெல்லாம் அந்த வகுப்பு அப்படியே இருக்கிறது, அத்தனை விரலும் ஊன்றியபடி. விடுங்க என்று சொல்ல வேண்டியவள் இங்கே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறாள்.

பஸ் சத்திரத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஒன்று போதாதா. அந்தக் கேள்வியை டாக்டரிடமே விட்டுவிட்டு வந்திருக்கலாம், கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது. முதல் மாத்திரைக்குச் சம்மதிக்கவே அவளுக்கு எவ்வளவு காலம் பிடித்தது. ஆடி மாதம் ஒரு காலையில் பல் துலக்க பிரஷ்ஷில் பற்பசையைப் பிதுக்கி வைத்துவிட்டு, அதை வாய்க்குக் கொண்டுபோக என்ன காரணம் இருக்கிறது என்று நின்றவள்தான், குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, கணவர் சுந்தரேசன் வந்து குழாயை மூடி அவள் கையிலிருந்து பிரஷ்ஷை வாங்கி வைத்தார். காரணம் ஒன்றும் கிடையாது, அதுதான் அவமானம். புருஷன் குடிக்கிறவர் இல்லை, பெண் அகல்யா கோயம்புத்தூரில் நல்ல வேலையில் இருக்கிறாள், சொந்த வீடு, பென்ஷன் வரும். உனக்கென்ன குறை என்று நாத்தனார் கேட்டபோது குறையைத் தேடித் தேடிப் பார்த்தாள், கொடுக்க ஒன்றும் அகப்படவில்லை. காரணம் இருக்கிறவர்கள் அழுதால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. அப்படியும் மனசைத் தேற்றிக்கொண்டு, சர்க்கரைக்குப் போடுகிறார்கள், பிரஷருக்குப் போடுகிறார்கள், அது மாதிரி இது ஒன்று என்று தன்னைத்தானே பழக்கினாள். ஒன்று என்பதற்கு ஒரு கௌரவம் இருந்தது. எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. இரண்டாவது வந்ததும் கதை வேறு. முதலாவது தோற்றுவிட்டது என்று அர்த்தம், இல்லை, முதலாவது சரியாகத்தான் இருக்கிறது, வாங்கிப் போட்டுக்கொண்ட உடம்புதான் தோற்றுவிட்டது. ஒன்று, அப்புறம் இரண்டு, இரண்டு நின்றுகொண்டா இருக்கும். ஏணியில் மேலே ஏறுகிற மாதிரி தோன்றும், உண்மையில் கிணற்றுக்குள் இறங்குகிற ஏணி. அந்த எண்ணத்தில் அவளே கொஞ்சம் பயந்துபோய், எதிர் சீட்டு அம்மாள் மடியில் இருந்த கீரைக்கட்டைப் பார்த்தாள். முளைக்கீரை. வேர் வரைக்கும் மண். அலசி எடுக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும். அந்த அம்மாளுக்கு அந்தக் கவலை இருப்பதாகவே தெரியவில்லை, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாயைத் திறந்து தூங்குகிற முகத்தைப் பார்த்ததும் ஸ்டெல்லா டீச்சர் நினைவுக்கு வந்துவிட்டாள். வராமல் இருப்பாளா, பையின் அடியில் மாத்திரை வந்ததிலிருந்து வாசலிலேயே காத்திருந்தவள்தானே. பூகோளம் நடத்திய ஸ்டெல்லா டீச்சர், அவள் சிரித்தால் மாடி வராந்தாவுக்குக் கேட்கும். ஒரு வருஷம் என்னவோ ஆகி, டாக்டரிடம் போய், மாத்திரை போட்டு, அப்புறம் இன்னொரு மாத்திரை சேர்த்தார்கள் என்று ஓய்வறையில் பேச்சு. அதற்கப்புறம் ஒரு மத்தியானம் உலகப் படத்தைத் தொங்கவிட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். வாயோரம் எச்சில் வழிந்து புடவைத் தலைப்பில் ஒரு வட்டம். பிள்ளைகள் அவளுக்குப் பசிபிக் என்று பெயர் வைத்தார்கள், அமைதிக் கடல். வைத்தது யார் என்று விசாரித்து இரண்டு பேரை வெளியே நிறுத்தியவள் இதே மங்கையர்க்கரசிதான். ஆனால் நிறுத்திவிட்டு ஓய்வறைக்கு வந்து உட்கார்ந்தபோது, என்ன பொருத்தமான பேர் என்று மனசுக்குள் மெச்சியதும் இவள்தான், தமிழம்மா அல்லவா. அந்த வருஷக் கடைசியில் ஸ்டெல்லா டீச்சர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டாவது மாத்திரைதான் ஆளை அடித்துவிட்டது என்று ஓய்வறை தீர்ப்பு எழுதி முடித்தது. நாளைக்குக் காலையில் அரை மாத்திரை போட்டுக்கொண்டு போய் ஆ பிரிவில் நின்றால் நாக்கு குழறுமா. ழகரம் வருமா. மற்றவர்களுக்கு ழகரம் போனால் ஒன்றுமில்லை, தமிழம்மாவுக்கு ழகரம் போனால் என்ன மிச்சம். தனக்கு என்ன பேர் வைப்பார்கள் என்று யோசித்தாள். பர்வீன் கெட்டிக்காரி, அவள்தான் வைப்பாள். அரை மாத்திரை என்றே வைத்துவிடுவாளோ. அதைவிடப் பொருத்தமாக அவளுக்கே ஒன்றும் தோன்றவில்லை.

காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியது. ஆற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. எல்லாரும் ஒரு பார்வை பார்க்கிறார்கள், தண்ணீர் வந்திருந்தால் பார்க்காமல் போகிற மனுஷன் திருச்சியில் கிடையாது. அவளும் திரும்பினாள். பாலத்தின் நடுவில் முன்னால் போன லாரி நின்றது, பஸ்ஸும் நின்றது. நின்றதுதான் தாமதம், இடது தோளுக்குக் கீழே அந்தத் தட்டல் ஆரம்பித்தது. இறங்க முடியாது, பாலத்துக்கு நடுவில் எங்கே இறங்குவது. மூச்சை எண்ணுங்க என்று டாக்டர் சொல்லிக்கொடுத்திருந்தார், எண்ண ஆரம்பித்தால் எண்ணுவது தப்பிப் போய்விடுமோ என்று ஒரு பயம் தனியாக வந்தது. பயத்தை விட அந்தப் பயத்துக்குக் காவல் இருக்கிற வேலை இருக்கிறதே, அதுதான் ஆளை உருக்குவது. வருகிறதா, வந்துவிட்டதா, போய்விட்டதா, மறுபடி வருகிறதா என்று நாள் முழுக்க வாசலிலேயே நிற்பது. சமைக்கும்போதும் நிற்பது, குளிக்கும்போதும் நிற்பது, அகல்யா போனில் அங்கே மழை பெய்கிறது என்று சொல்லும்போது அப்படியா என்று சொல்லிக்கொண்டே நிற்பது. கால் கடுக்கிறது. உட்கார வேண்டும் போலிருக்கிறது, யாராவது ஒருவர் கொஞ்ச நேரம் அந்த வாசலில் நின்றால் இவள் உள்ளே போய் உட்காருவாள். லாரி நகர்ந்தது. தட்டல் அடங்கியது, வழக்கம்போல ஏன் வந்தது என்றும் சொல்லவில்லை, ஏன் போனது என்றும் சொல்லவில்லை. பாலத்தை விட்டு பஸ் அந்தப் பக்கம் இறங்கும்போது அவளுக்கு ஒரு முடிவு தோன்றியது, தோன்றியதும் ஒரு மாதிரி லேசாகவும் இருந்தது. இரண்டையும் போட வேண்டாம். புதியதும் வேண்டாம், பழையதும் வேண்டாம், உறையோடு குப்பையில் போட்டுவிட்டு, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டாம், விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துகொள்ளலாம். பஸ்ஸை விட்டிறங்கி நடந்து தெரு திரும்பும் வரைக்கும் அந்த லேசு இருந்தது. வீட்டுக் கேட்டைத் திறக்கும்போது அது லேசு இல்லை, வெறுமனே அலுப்புதான் என்று தெரிந்துபோயிற்று.

சுந்தரேசன் வந்திருந்தார். கூட்டுறவு வங்கியில் வேலை, இன்றைக்கு அரை நாள் போட்டிருந்தார், கூட வருகிறேன் என்றவரை வேண்டாம் என்று இவள்தான் நிறுத்தினாள். சமையலறை மேஜையில் வெற்றிலைத் தட்டோடு இருந்தார். டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே கேட்கவில்லை, அந்த நாசூக்கு இந்த இரண்டு மாதத்தில் அவராகக் கற்றுக்கொண்டது. சாதம் வடித்து ரசம் வைத்திருந்தார், ரசத்தில் உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னார். வெளிச்சம் மங்குகிற வேளையில் இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். உப்பே இல்லை, அவள் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். சாப்பிடும்போது அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார், காலையில் காந்தி மார்க்கெட்டில் ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தாராம். கத்திரிக்காய்க்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாளாம், சத்தம் மீன் கடை வரைக்கும் கேட்டதாம், சொத்தைக் காயைப் பிட்டுப் பிட்டுக் காட்டி அவனை ஒரு வழி பண்ணிவிட்டுத் திரும்பி, எங்கே உங்க வீட்டம்மா, மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறாளா என்று கேட்டாளாம். மங்கையர்க்கரசி சாதத்தைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்றாள். ஊருக்கே தெரியும், ஓய்வறைன்னு ஒண்ணு இருக்கே, என்றார் அவர். இன்னொன்றும் சொல்லச் சொன்னாளாம். அன்னைக்கு நான் தூங்கினது முந்தின நாள் ராத்திரி பூரா பேத்திக்குக் காய்ச்சல்னு முழிச்சிருந்ததால, மாத்திரை மேல பழி போடாதீங்கன்னு உங்க ஓய்வறைகிட்டச் சொல்லுங்க. அவள் சிரிக்கிற சிரிப்பை நடித்துக்கூடக் காட்டினார், சரியாக வரவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அவள் பையின் அடியிலிருந்து உறையை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குப்பைக் கூடை பக்கத்திலேயே இருந்தது. மாத்திரை இத்தனூண்டு, நடுவே ஒரு கோடு, அந்தக் கோட்டில் இரண்டு கட்டைவிரல் நகத்தையும் வைத்து அழுத்தினாள். விரல் வழுக்கியது. மறுபடியும் அழுத்தினாள். சுந்தரேசன் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் பாக்குவெட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார், மாத்திரையை வாங்கி அலகுக்கு நடுவில் வைத்து ஒரு அழுத்து. சரிபாதி. இரண்டு துண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தபடி, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டார்.

"ஒண்ணு போதலையா, மங்கை?"

பஸ்ஸில் கூடவே வந்த கேள்விதான். ஆனால் அவர் குரலில் கேட்டபோது அதில் குற்றம் சாட்டுகிறது ஒன்றும் இல்லை, பயம்தான் இருந்தது, இவளுடைய அதே பயம், இத்தனை நாளும் சமையலறையில் உப்பில்லாமல் ரசம் வைத்துக்கொண்டிருந்த பயம். இவள் மட்டும்தான் வாசலில் நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. அந்த மனுஷன் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், கால் கடுக்க. பாவமாக இருந்தது, அவரைப் பார்க்கவும் தன்னைப் பார்க்கவும். பதில் சொல்ல வேண்டும். டாக்டர் சொன்னதையே சொல்லலாம் என்று ஆரம்பித்தவளுக்கு வாயில் வேறொன்று வந்தது, இருபத்தைந்து வருஷமாக வருகிறது அல்லவா.

"நெட்டெழுத்துதாங்க இருக்கறதுலயே நீளம். ரெண்டு மாத்திரை. ஆனா பாட்டுல ஓசை குறையற இடத்துல அது தனியா நின்னாப் பத்தாது. பக்கத்துல அதே இனத்துச் சின்ன எழுத்து ஒண்ணைக் கொண்டாந்து வைப்பாங்க. தெருமுனையில நின்னு பிள்ளை அம்மாஅன்னு இழுத்துக் கூப்பிடுதே, அந்த மாதிரி. அளபெடைன்னு பேரு."

"அப்ப பெரிய எழுத்து தப்புன்னு ஆயிடாதா?"

"ஆகாது. பாட்டு நிக்கணும், அவ்வளவுதான். அந்த எழுத்தைத் தப்புன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதலை."

சுந்தரேசன் பள்ளிக்கூடத்தில் தமிழில் தட்டுத் தடுமாறித் தேறியவர். அளபெடை அவருக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். இவள் அம்மாஅ என்று இழுத்துச் சொன்னபோது மூச்சு முட்டவில்லை என்பதை இரண்டு பேருமே கவனித்தார்கள். அவர் கையை நீட்டினார். ஒரு துண்டை எடுக்கக் கட்டைவிரலையும் நடுவிரலையும் கொண்டுபோனாள். அவ்வளவு சின்னத் துண்டு, விரல் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன, அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்த பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தாள். கட்டைவிரல், நடுவிரல், ஒன்றோடொன்று ஊன்றி. நடுவில் அரை மாத்திரை.

தண்ணி வேணுமா என்று அவர் கேட்டார். வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள், ஒரு ருசியும் இல்லை, நெஞ்சு அதன் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது, பயம் எங்கேயும் போகவில்லை. நாளைக்குக் காலையிலும் இருக்கும், பஸ்ஸில் கூடவே வரும், ஆ பிரிவு வாசலில் அவளுக்கு முன்னால் போய் நிற்கும். மீதித் துண்டு காலைக்கு வேண்டும், பத்திரமாக வையுங்கள் என்று சொன்னாள். அவர் அதைச் சுண்ணாம்பு டப்பாவில் போடப் போனார். அதில் வேண்டாம் என்றாள், சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. அவர் கிண்ணம் தேடிக்கொண்டிருக்கும்போது, மேஜைக்கு அடியில், அவள் விரல் இரண்டும் மாத்திரை இல்லாமலே இன்னும் ஊன்றிக்கொண்டுதான் இருந்தன. நொடித்துவிடலாம். நொடிக்கவில்லை. நாளைக்கு முதல் வகுப்பில் அத்தனை பேரும் கையைத் தூக்கியிருப்பார்கள், விடுங்க என்று சொல்லிவிட்டு அவர்களோடு சேர்ந்துதான் நொடிக்க வேண்டும்.